பஸ் நிற்கும் இடத்தில் பெனால்டி கார்னர்

கடைசி பஸ் கேட்டைத் தாண்டிய பிறகுதான் இங்கே ஹாக்கி தொடங்கும். அம்பத்தூரில், சி.டி.எச். சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற கல்லூரி. பெயர் வேண்டாம், எழுதினால் நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விளையாட்டைக் கவனிக்கிற பி.டி. சார்தான். திருநின்றவூர், பூந்தமல்லி, செங்குன்றம், மாதவரம் என்று பலகை மாட்டிய மஞ்சள் பஸ்கள் காலை ஆறு மணிக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. மாணவர்களை ஏற்றிக்கொண்டு எட்டேகாலுக்குத் திரும்பிவிடும். இடையில் கிடைக்கிற இரண்டு மணி நேரத்துக்கு அந்த இடம் மைதானம். மற்ற நேரத்தில் பஸ் ஷெட்.

"டிராஃபிக்ல பஸ் லேட்டாச்சுன்னா எங்களுக்கு லாபம் சார். இன்னும் பத்து நிமிஷம் ஆடலாம்" என்றான் சென்டர் ஹாஃப் ஆடுகிற பையன். சொல்லிவிட்டுச் சுண்ணாம்புத் தூள் வாளியை எடுத்துக்கொண்டு போனான். நேற்று போட்ட கோடுகளை டயர்கள் அழித்திருந்தன.

ஹாக்கிக்கு வேண்டியது 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும். இங்கே அகலத்துக்குக் குறைவில்லை. நீளத்தில்தான் உதைக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு மூலையில் புதிய பிளாக் எழும்பியபோது மைதானத்தையும் கொஞ்சம் கடித்துக்கொண்டது. நடுவில் கிரிக்கெட்டுக்கான சிமென்ட் பிட்ச். கிழக்குப் பக்க கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டமான டி-க்குள் பஸ் திரும்புகிற தடம் இரண்டு பள்ளமாகப் பதிந்து கிடக்கிறது. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி வட்டாரமே ஏரிகளும் ஏரிப் பாசன நிலமுமாக இருந்த இடம். இந்தக் களிமண் மழையில் குழையும், வெயிலில் வெடிக்கும், நடுவாந்தரமாக இருக்கும் மாதங்கள் குறைவு.

ஓரமாக ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது பையன்களின் தலை. எல்லோரும் குனிந்தே ஆடுகிறார்கள். பந்து வருகிறது, மட்டையை வைக்கிறார்கள், கடைசி நொடியில் ஒரு கல்லில் பட்டு எம்புகிறது. அதனால் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை. நிறுத்தி, அது அடங்கியதை உறுதி செய்துகொண்டு, பிறகு நிமிர்ந்து யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்ப்பதற்குள் எதிராளி வந்து நிற்கிறார். செயற்கைத் தரையில் பயிற்சி பெற்ற ஆட்டக்காரருக்கு வருகிற பந்தின் பாதை முன்னமே தெரியும். மட்டை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கண் மைதானத்தில் அலையும். பந்து கைக்கு வருவதற்கு முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று அவர் முடிவு செய்திருப்பார். இரண்டு பேரின் திறமையும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் கண் எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் தரை முடிவு செய்துவிடுகிறது. மூன்று வருடம் குனிந்தே ஆடிய கழுத்தை ஒரு போட்டிக்காக நிமிர்த்த முடியாது.

பிறகு பெனால்டி கார்னர் பயிற்சி. இன்றைய ஹாக்கியில் கோல் அதிகம் விழுகிற வழிகளில் ஒன்று. ஒருவர் கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, எல்லைக்கோட்டில் நின்று பந்தை டி-க்கு வெளியே தள்ள வேண்டும். அங்கே ஒருவர் அதை அசையாமல் நிறுத்துவார், மூன்றாமவர் இழுத்து வீசுவார். இந்த மூன்று வேலையும் ஒன்றரை, இரண்டு நொடிக்குள் முடிய வேண்டும். டி-யின் ஆரம் 14.63 மீட்டர், பந்து அதையும் தாண்டி ஓடியாக வேண்டும். செயற்கைத் தரையில் அது தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். இங்கே நான் பார்த்தவற்றில் பாதி, நிறுத்துகிறவரின் மட்டைக்கு அரையடி விலகியே போனது. மீதிப் பாதியில் பந்து நின்றதே தவிர, உடனே வீசுகிற இடத்தில் நிற்கவில்லை. டிராக் ஃப்ளிக்கர் என்று அணியில் பெயர் வாங்கிய பையன் கடைசியில் சலித்துப்போய், மட்டையை ஓங்கி அடித்துவிட்டான். "இங்க அடிக்கத்தான் சார் முடியும். ஃப்ளிக் பண்ணா மண்ணுதான் பறக்கும்."

அவன் மட்டையை வாங்கிப் பார்த்தேன். கார்பன் கலந்த நவீன மட்டை. அடிப்பாகத்தில் வளைவின் விளிம்பு மணலில் உரசி நார் தெரிகிறது. குனிந்து ரிவர்ஸில் அடிக்கும்போதெல்லாம் அந்த விளிம்புதான் தரையைத் தேய்க்கும். மண்ணுக்கு ஒன்று, டர்ஃப் எனப்படும் செயற்கைத் தரைக்கு ஒன்று என்று இரண்டு மட்டை வைத்திருப்பது வழக்கமாம். இரண்டாவதை வாங்க முடியாதவர்கள் நல்ல மட்டையை உறையிலேயே வைத்திருந்து போட்டி அன்றுதான் எடுக்கிறார்கள். பழகாத மட்டையோடு, பழகாத தரையில்.

கோல்கீப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. டர்ஃபில் கோல்கீப்பர் பாய்ந்து சறுக்கி, காலை நீட்டி அடைப்பார். நனைந்த தரை அவரைத் தாங்கி நகர்த்தும். இந்த மண்ணில் சறுக்கினால் முழங்கைத் தோல் போய்விடும் என்பதால் இந்த அணியின் கீப்பர் சறுக்குவதே இல்லை. நின்ற இடத்தில் நின்று உதைக்கிறான். உயரமான, வேகமான பையன். அவன் ஆட்டத்தில் பாதியை அவன் இன்னும் ஆடிப் பார்க்கவேயில்லை.

அணியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவன் லெஃப்ட் இன் ஆடுகிற மாணவன். ஊர் கோவில்பட்டிப் பக்கம். பள்ளி நாளில் அங்கே செயற்கைத் தரையில் ஆடியவன்.

"அங்க தினமும் டர்ஃபுதான் சார். இங்க வந்து பழக்கம் விட்டுப்போச்சு. லீவுக்கு ஊருக்குப் போனா சின்னப் பயலுவ என்னைத் தாண்டிட்டுப் போறானுவ" என்று சிரித்தான். சிரிப்பு எனக்கு வரவில்லை.

கோவில்பட்டியின் கதை தெரிந்ததுதான். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன ஊரில் தலைமுறைகளாக ஹாக்கி ஒரு கிறுக்காகவே இருந்துவருகிறது. அங்கே உள்ள கே.ஆர். கல்வி நிறுவனங்கள் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டியை நடத்துகின்றன. செயற்கைத் தரை மைதானமும் அரசு விளையாட்டு விடுதியும் வந்த பிறகு அந்தக் கிறுக்குக்கு ஒரு பாதை கிடைத்தது. அங்கே பயிற்சி பெற்ற கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் ஒரே சமயத்தில் இடம்பிடித்தார்கள். கார்த்தி தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே, அதுவும் பாகிஸ்தானுக்கு எதிராக, கோல் அடித்தார்.

அவர்கள் அளவுக்குப் போகாத, ஆனால் அதே தரையில் வளர்ந்த பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எங்கே போகிறார்கள்? விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னைக் கல்லூரிகளுக்கு. இந்தக் கல்லூரியைப் போன்ற இடங்களுக்கு. அதாவது பதினேழு வயதில் டர்ஃபில் ஆடியவன் இருபது வயதில் மண்ணில் ஆடுகிறான். உடல் முதிர்ந்து, ஆட்டம் கனிய வேண்டிய மூன்று வருடம் அது. கல்லூரி இங்கே ஆட்டக்காரரை உருவாக்குவதில்லை. யாரோ உருவாக்கியதை வாங்கிச் செலவழிக்கிறது. இதைச் சொன்னபோது பி.டி. சார் கோபப்படவில்லை.

"ஃபீஸ் இல்ல, ஹாஸ்டல் ஃப்ரீன்னு எல்லாம் பண்றாங்க சார், நிர்வாகத்தைக் குறை சொல்ல மாட்டேன். கிட் வாங்கித் தராங்க, டூர்னமென்ட்டுக்கு அனுப்புறாங்க. தரை மட்டும்தான் இல்ல" என்றார்.

பெண்கள் அணிக்குத் தரை மட்டுமல்ல, நேரமும் இல்லை. காலையில் ஆண்கள் அணி. மாலையில் பஸ்கள் கிளம்பியதும் பெண்கள் அணி. ஆனால் அதே பஸ்ஸில்தான் பாதிப் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டும். தங்கி ஆடினால் ஷேர் ஆட்டோ பிடித்து அம்பத்தூர் ஸ்டேஷன் போய், கூட்டமான ரயிலில் ஏற வேண்டும். உடை மாற்ற ஒரு காலி வகுப்பறை, சாவி வாட்ச்மேனிடம். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் காத்திருப்பு. விடுதி மாணவிகளும் அக்கம்பக்கத்தில் வீடு இருக்கிறவர்களும் சேர்ந்து ஒன்பது பேர் தேறுகிறார்கள். பதினொருவர் ஆட்டத்துக்கு ஒன்பது பேரோடு பயிற்சி.

எட்டேகாலுக்கு முதல் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கோல் கம்பங்களை நான்கு பேர் தூக்கி ஓரம் கட்டினார்கள்.

*

ஆட இடமில்லாத ஊரா அம்பத்தூர்? மாலை ஆறு மணிக்குமேல் எஸ்டேட் பக்கமோ முகப்பேர் பக்கமோ போனால் அப்படிச் சொல்ல முடியாது. வலைக் கூண்டுக்குள் பச்சைப் பசேலென்று செயற்கைப் புல், மேலே வெள்ளை விளக்கு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஐ.டி. கம்பெனிக்காரர்களும் கல்லூரிப் பையன்களும் ஆப்பில் புக் செய்து நள்ளிரவு வரை கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் ஆடுகிறார்கள். "இங்கேயே ஆடலாமே?" என்று சென்டர் ஹாஃபிடம் கேட்டேன். கையோடு ஒரு பந்தை எடுத்துவந்து உருட்டிக் காட்டினான். நாலடி போய்ப் புல்லுக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஃபுட்பால் தரையின் இழை நான்கு, ஐந்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இடையில் ரப்பர் துகளும் மணலும் கொட்டியிருப்பார்கள். ஹாக்கித் தரையின் இழை ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான், நெருக்கமாக, குச்சிப் பிரஷ் மாதிரி. அடியில் அதிர்ச்சி தாங்கும் மெத்தை, அதற்கடியில் மட்டம் பிசகாத தார்த்தளம், தண்ணீர் வடிய வழி. கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சையாகத் தெரிந்தாலும் ஒன்றில் ஆடுவதை மற்றதில் ஆட முடியாது. வாடகைத் தரை பெருகப் பெருக, இடம் இருப்பவர்களுக்கு ஹாக்கித் தரை போடுகிற யோசனையே வராமல் போகிறது. ஹாக்கித் தரையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க யார் வருவார்கள்? அந்தக் கணக்கில் தப்பு சொல்வதற்கில்லை.

*

சென்டர் ஹாஃப் லீக் ஆடுகிற ஒரு கிளப்பிலும் இருக்கிறான். அதனால் அவனுக்கு அவ்வப்போது எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆட வாய்ப்புக் கிடைக்கிறது. அன்று மாலை அவனோடும் கீப்பரோடும் ரயில் ஏறினேன். அம்பத்தூரில் ஏறி, பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் வழியாக சென்ட்ரல். அங்கிருந்து சுரங்கப்பாதையில் பார்க் ஸ்டேஷனுக்குக் கடந்து, எழும்பூருக்கு இன்னொரு ரயில். கீப்பரின் பை ஒரு ஆள் உயரம். கால்கவசம், மார்புக் கவசம், ஹெல்மெட் எல்லாம் அதற்குள். ஷேர் ஆட்டோக்காரர் இரண்டு சீட் காசு கேட்டார். ரயிலில் வாசலுக்குப் பக்கத்தில் பையை நிறுத்திவைத்து, அதற்கு அணைவாக அவன் நின்றான். ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

இந்த ரயில் பாதைக்கும் ஹாக்கிக்கும் உறவு பழையது. வில்லிவாக்கம் தாண்டி வலப்பக்கமாகப் பரந்து கிடக்கும் ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை. அதற்கென்று ஹாக்கி அணி உண்டு. பெரம்பூரின் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியர்கள் வளர்த்த ஆட்டம் இது. சென்னையின் மிகப் பழைய போட்டிகளில் ஒன்றான எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பையில் பெயர் பொறித்துக்கொண்டிருக்கும் முருகப்பா குழுமமும் இந்தப் பக்கத்துக்காரர்கள்தான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், ஆவடியில் டியூப் கம்பெனி, அங்கேயே ஒரு பாலிடெக்னிக். கோப்பைக்கான ஆட்டம் மட்டும் எழும்பூரில் நடக்கிறது. மேற்குப் புறநகர் ஆட்களும் பணமும் கொடுத்திருக்கிறது. தரை மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை.

எழும்பூர் ஸ்டேடியத்துக்குள் நுழைந்ததும் முதலில் வருவது ஒலி. மட்டையில் பந்து பட்டால் டக் என்று சுத்தமாக ஒரு சத்தம், காலி கேலரியில் மோதித் திரும்புகிறது. அம்பத்தூர் மண்ணில் இந்தச் சத்தம் எழுவதில்லை. பிறகுதான் நீலம் கண்ணில் படுகிறது. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபிக்காகப் போட்ட தரை. அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் போடவிருந்த அதே ரகம். கரும்பிலிருந்து எடுத்த மூலப்பொருள் இழையில் பெரும்பங்கு. அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் இடைவேளையில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 4-3 என்று ஜெயித்தது. அணியில் கார்த்தி செல்வமும் இருந்தார். 1996-இல் நெதர்லாந்து ஜெயித்த சாம்பியன்ஸ் டிராபி, 2005-இல் ஆஸ்திரேலியா ஜெயித்தது, 2007 ஆசியக் கோப்பை இறுதியில் தென்கொரியாவை இந்தியா 7-2 என்று நொறுக்கியது, 2025 ஜூனியர் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை வீழ்த்தி இந்திய இளைஞர்கள் வெண்கலம் வாங்கியது எல்லாம் இங்கேதான்.

விளக்கு போட்டார்கள். ஓரத்துக் குழாய்களிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நனைந்த தரையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், விழுந்தால் தோல் உரியாது. அதற்காகத்தான் இவ்வளவு தண்ணீர். கீப்பர் கவசம் மாட்டிக்கொண்டு இறங்கினான். முதல் பத்து நிமிடம் அவன் காலுக்குக் கீழே பந்து புகுந்து போய்க்கொண்டே இருந்தது. மண்ணில் அவன் உதைக்கிற நேரத்துக்கு, இங்கே பந்து வலைக்குள் போய் முடிந்திருந்தது. கிளப் பயிற்சியாளர் சத்தம் போட்டார். மெல்ல மெல்லப் பிடிபட்டது. கடைசிப் பக்கமாக ஒரு பந்துக்கு இடப்பக்கம் பாய்ந்து, நாலடி சறுக்கி, காலால் தட்டிவிட்டான். எழுந்தபோது முகத்தில் தண்ணீர் சொட்டியது. சறுக்குவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. தரை அனுமதித்தது, செய்தான்.

சென்டர் ஹாஃபின் தலை நிமிர்ந்திருந்தது. முழுக்க அல்ல, பந்து வேகமாக வரும்போது பழைய பழக்கம் திரும்பிவிடுகிறது.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் முதல் முறையாகச் செயற்கைத் தரை வந்ததும், முந்தைய வருடம் உலகக் கோப்பை வென்ற இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனதும் எல்லோரும் சொல்லிச் சலித்த கதை. வெள்ளைக்காரர்கள் தரையை மாற்றி நம்மைத் தோற்கடித்தார்கள் என்பது நம்மூர் டீக்கடைத் தீர்ப்பு. நான் அதை முழுசாக ஏற்பதில்லை. 1980-இல் மாஸ்கோவில் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியதும் செயற்கைத் தரையில்தான். பெரிய அணிகள் பல அங்கே வரவில்லை என்பது உண்மை, ஆனாலும் இந்தியர்களின் காலுக்குத் தரை ஒத்துக்கொள்ளவில்லை என்ற வாதம் அத்தோடு விழுகிறது. தரை மாறியது பிரச்சினை இல்லை. அது தேசிய அணிக்கு மட்டும் மாறி, கல்லூரிக்கும் பள்ளிக்கும் மாறாமல் போனதுதான் பிரச்சினை. பதினோரு பேருக்கு டர்ஃப் இருந்தால் போதாது. எந்த ஆயிரம் பேரிலிருந்து அந்தப் பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ, அவர்களுக்கும் இருக்க வேண்டும்.

அது இருக்கிற இடங்களில் என்ன நடக்கிறது என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். அமிர்தசரஸின் குருநானக் தேவ் பல்கலைக்கழகம், பாட்டியாலாவின் பஞ்சாபி பல்கலைக்கழகம் இரண்டும் வளாகத்துக்குள்ளேயே ஆஸ்ட்ரோ டர்ஃப் வைத்திருக்கின்றன. பல்கலைக்கழக விளையாட்டுக்கான மௌலானா ஆசாத் கோப்பையை இரண்டும் மாறி மாறிப் பலமுறை தூக்கியிருக்கின்றன. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு செயற்கைத் தரை என்று திட்டமிட்டுப் போட்டார்கள். ரூர்கேலாவின் 20,000 பேர் உட்காரும் பிர்சா முண்டா ஸ்டேடியத்தைத்தான் எல்லோரும் படம் பிடித்தார்கள்; எனக்கு அந்த ஒன்றியத் தரைகள்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அமெரிக்காவில் ஹாக்கி என்றால் பனித்தரை. அங்கே இந்தச் சங்கதி இன்னும் பச்சையாகத் தெரியும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கிளப்பாக ஆடிக்கொண்டிருந்தார்கள். 2010-இல் டெரி பெகுலா என்ற முன்னாள் மாணவர் 8.8 கோடி டாலர் அரங்கத்துக்குத் தந்தார். அதன் பலத்தில் கிளப் முதல் பிரிவு அணியாக மாறியது, 2013-இல் அரங்கம் திறந்தது, 2025-இல் நாட்டின் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்துவிட்டார்கள். கட்டடம் முதலில், அணி பிறகு. அரிசோனாவின் பாலைவனத்தில்கூட ஒரு பல்கலைக்கழகம் 5,000 பேர் உட்காரும் பனியரங்கம் கட்டி, தேசிய லீகின் தொழில்முறை அணிக்கே இரண்டு சீசன் இடம் கொடுத்தது. ஆனால் அந்த வழி நமக்கு உதவாது. அங்கே டிக்கெட் விற்கிறது. அம்பத்தூரில் கல்லூரி ஹாக்கி பார்க்க டிக்கெட் வாங்குகிறவர் யாரும் இல்லை, இலவசமாக வருகிறவர்களும் இல்லை. ஆடுகிறவர்களின் நண்பர்கள் நாலு பேர், ஒரு தெரு நாய், அவ்வளவுதான்.

*

திரும்பி வந்து பி.டி. சாரோடு கணக்குப் போட்டோம். ஒரு கல்லூரி தனியாகச் செயற்கைத் தரை போடுவது கோடிக்கணக்கில் போகும். எட்டு, பத்து வருடத்தில் தேய்ந்து மறுபடி போட வேண்டும். தண்ணீர் இன்னொரு தலைவலி. பெரிய போட்டிகளுக்கான தரையை ஒரு தடவை நனைக்கவே சுமாராக ஒரு பெரிய டேங்கர் லாரி தண்ணீர் பிடிக்கும். புழலும் செம்பரம்பாக்கமும் பக்கத்திலேயே இருந்தும் கோடையில் லாரிக்குக் காத்திருக்கிற வட்டாரம் இது. 2019-இன் தண்ணீர்ப் பஞ்சத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. விடுதிக்குக் குடிதண்ணீர் இல்லாதபோது புல்லுக்கு லாரி வந்தால் மாணவர்களே கேட்டை மூடுவார்கள்.

ஆனால் உயர்ந்த ரகத்தை ஒரு கல்லூரி நினைக்க வேண்டியதே இல்லை. மணல் தூவிய செயற்கைத் தரை என்று ஒரு ரகம் உண்டு. சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட ரகங்களில் ஒன்று. தண்ணீர் வேண்டாம், விலையும் குறைவு, நீண்ட நாள் உழைக்கும். நனைந்த நீலத் தரையின் வேகம் வராது. ஆனால் பந்து நேராக ஓடும். பையன் தலை நிமிர்வதற்கு அது போதும். ஐரோப்பாவில் எத்தனையோ பள்ளிகளிலும் கிளப்புகளிலும் ஆடுவது இதில்தான். நம் ஊரில் செயற்கைத் தரை என்றாலே ஒலிம்பிக் ரகம், கேலரி, மின்விளக்குக் கோபுரம், திறப்பு விழாக் கல்வெட்டு என்று மனசு போய்விடுகிறது. கேலரி கட்டுகிற காசில் இன்னொரு தரை போடலாம் என்பது என் கட்சி.

தனியாக வேண்டாம், சேர்ந்து ஒன்று போதும் என்றார் பி.டி. சார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்கு நடுவில் ஒரே ஒரு தரை. காலை மூன்று மணி நேரம், மாலை ஐந்து மணி நேரம் என்று விளக்கோடு வாரத்தில் ஆறு நாள். ஒன்றரை மணி நேரத்துக்கு இரண்டு அணி, ஆளுக்குப் பாதி மைதானம். கூட்டிப் பார்த்தால் முப்பது அணிகள் வாரத்துக்கு இரண்டு முறை ஆடலாம். இந்த வட்டாரத்தில் ஆணும் பெண்ணும் பள்ளியும் சேர்த்தால்கூட முப்பது அணி தேறாது. இடத்துக்கும் பஞ்சமில்லை, ஆவடிப் பக்கம் மத்திய அரசு நிறுவனங்களின் குடியிருப்புகளுக்குள் பெரிய பெரிய மைதானங்கள் மாலையில் வெறுமையாகக் கிடப்பதை ரயிலில் போகிறவர்கள்கூடப் பார்க்கலாம். கேட்க ஆள் வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் கடிதம் ஃபைலில் தூங்கும். பத்துக் கல்லூரி முதல்வர்கள் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் ஃபைல் நகரலாம். ஆனால் இந்தக் கல்லூரிகள் ஒன்றுக்கொன்று போட்டி. அட்மிஷன் சீசனில் ஒருவர் பேனரை ஒருவர் மறைத்துக் கட்டுகிறவர்கள். ஒரே தாளில் கையெழுத்து என்றதும் பி.டி. சாரே கொஞ்சம் சிரித்தார்.

அதுவரைக்கும் அவரிடம் ஒரு சின்னத் திட்டம் இருக்கிறது. மூன்று கல்லூரிகளின் பி.டி.க்கள் பேசிவைத்திருக்கிறார்கள். எழும்பூரில் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் கேட்டு வாங்குவது, மூன்று அணியும் ஒரே வேனில் போவது, பெனால்டி கார்னரும் கீப்பர் பயிற்சியும் மட்டும் அங்கே, ஓட்டமும் மற்றதும் இங்கே மண்ணில். பெண்கள் அணிக்கும் அதே வேன்; காலை என்பதால் வீட்டில் விடுவார்கள் என்று கேப்டன் சொல்லியிருக்கிறாள். டீசலை மூன்றாகப் பங்கு போடுவதில் மட்டும் பேச்சு இன்னும் முடியவில்லை. ஒரு கல்லூரியின் அணி ஆவடியில் ஏறுகிறது, தூரம் அதிகம், பங்கும் அதிகம் என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள். மழை முடிந்து ஜனவரியில் தொடங்கிவிடலாம் என்கிறார் பி.டி. சார். இந்த வருட மண்டலப் போட்டி அதற்குள் முடிந்திருக்கும்.